‘லே’யா ‘லோ’வா: ஸ்பானிஷ் படிக்கும் வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: 9 மாதமாக மாலை வகுப்பில் ஸ்பானிஷ் படிக்கிறேன். வினைச்சொற்கள் ஓரளவு வசப்பட்டுவிட்டன. ஆனால் மே, தே, லே, நோஸ், லேஸ் என்ற இந்தச் சின்னச் சொற்கள் வந்ததும் வாய் நின்றுவிடுகிறது. ‘அவனிடம் சரி என்றேன்’ என்பதற்கு ‘லோ திஹே கே ஸீ’ என்று எழுதினேன், சிவப்புக் கோடு. ‘மரியாவைத் தேடுகிறேன்’ என்பதில் ‘ஆ மரியா’ என்று வருகிறதே என்று ‘லே புஸ்கோ’ எழுதினேன், அதுவும் தவறு. ‘அதை அவனுக்குக் கொடுத்தேன்’ என்பதற்கு ‘லே லோ தி’ என்றேன், அப்படி ஒன்றே கிடையாதாம். ‘லே தி எல் லீப்ரோ ஆ மரியா’ என்பதில் மரியாவை ஏன் இரண்டு முறை சொல்கிறார்கள் என்று கேட்டால் ‘அது அப்படித்தான்’ என்கிறார்கள். பாடப்புத்தகமோ ஆங்கிலத்தில் இருக்கிறது, அந்த விளக்கம் குழப்பத்தைக் கூட்டுகிறது. எனக்கு மொழி வராதோ?

பதில்: மொழி வராதவர் இந்தத் தவறுகளைச் செய்யவோ அந்தக் கேள்வியைக் கேட்கவோ முடியாது. ஒவ்வொன்றிலும் நீங்கள் யோசித்திருக்கிறீர்கள், யோசித்த திசைதான் கொஞ்சம் விலகியிருக்கிறது. நான் பல வருடமாகத் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஸ்பானிஷ் சொல்லித் தருகிறேன், மொழிபெயர்ப்பும் செய்கிறேன், கிட்டத்தட்ட எல்லா வகுப்பிலும் இதே நான்கு சிக்கல்கள் இதே வரிசையில் வருகின்றன. அதற்குக் காரணம் நீங்களே சொல்லிவிட்ட அந்த ஆங்கிலப் பாடப்புத்தகம். அதைக் குறை சொல்ல முடியாது, அது வேறு ஒருவருக்காக எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் ‘அவனை’ என்றாலும் ‘அவனுக்கு’ என்றாலும் ஒரே சொல்தான், அதனால் இரண்டையும் பிரித்துக் காட்டவே அந்தப் புத்தகம் பத்துப் பக்கம் செலவழிக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அந்தப் பத்துப் பக்கமும் தேவையில்லை. ‘அவனை’, ‘அவனுக்கு’ என்ற வித்தியாசம் மூன்று வயதிலேயே உங்கள் நாக்கில் ஏறிவிட்டது. தெரிந்த ஒன்றை, அது தெரியாதவர்களுக்கான விளக்கத்தின் வழியாகக் கற்கப் பார்க்கிறீர்கள், அங்கேதான் சிக்கல்.

தொடங்கும் முன் உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. தமிழ் எழுத்தில் எழுதுவதால் ‘தே’ என்பதைத் ‘தேன்’ என்பதில் வருவதுபோல வல்லினமாகப் படியுங்கள், ‘தி’, ‘தார்’ இரண்டையும் ‘தினம்’, ‘தானம்’ சொல்லும்போது வரும் மென்மையோடு படியுங்கள். தார் என்றால் கொடுப்பது. நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட ‘தானம்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே பழைய வேரில் இருந்து வந்தவை.

இந்த மே, தே, லே வரிசைக்கு இலக்கணத்தில் உள்ள பெயரும் அந்தக் கொடுப்பதிலிருந்துதான் வருகிறது. லத்தீன் இலக்கணக்காரர்கள் இந்த வேற்றுமைக்குக் ‘கொடுத்தல்’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள், ஸ்பானிஷில் இன்றும் அது தாதிவோ. நம்முடைய நான்காம் வேற்றுமைக்குப் பள்ளியில் முதலில் சொல்லித் தந்த பொருள் என்ன? கொடைப் பொருள். இரண்டு மரபும் ஒன்றையொன்று பாராமலே அதே இடத்தைத் தொட்டிருக்கின்றன. ஆகவே முதல் விதி இது: மே, தே, லே, நோஸ், ஓஸ், லேஸ் ஆறும் ‘கு’ உருபு. எனக்கு, உனக்கு, அவனுக்கு அல்லது அவளுக்கு அல்லது உங்களுக்கு, எங்களுக்கு, பிறகு ஸ்பெயினில் நெருக்கமான பலரைப் பார்த்துச் சொல்லும் ‘உங்களுக்கு’, கடைசியில் அவர்களுக்கு. லோ, லா, லோஸ், லாஸ் நான்கும் ‘ஐ’ உருபு: அவனை, அவளை, அதை, அவர்களை, அவற்றை. மே, தே, நோஸ், ஓஸ் இரண்டு வேலையும் செய்யும், அதாவது ‘என்னை’யும் மே, ‘எனக்கு’ம் மே. அதனால் அங்கே தவறவே வாய்ப்பில்லை, எல்லாக் குழப்பமும் லே, லோ என்ற மூன்றாம் ஆளிடம்தான் வரும். உங்கள் கடிதத்தையே பாருங்கள், நான்கு சிக்கலும் அவன், அவள், மரியா பற்றியவை. எனக்கு, உனக்கு பற்றி ஒன்றுகூட இல்லை.

சரி, இரண்டு முறை சொல்வது. உங்கள் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது, இது புரிந்தால் மற்றது பாதி புரிந்த மாதிரி. ‘லே தி எல் லீப்ரோ ஆ மரியா’. அவளுக்குக் கொடுத்தேன் புத்தகத்தை மரியாவுக்கு, என்று சொல்லுக்குச் சொல் போட்டால் விசித்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் தினமும் ‘நான் வந்தேன்’ என்கிறீர்களே. ‘வந்தேன்’ என்பதில் உள்ள ‘ஏன்’ விகுதியே நான்தான் என்று சொல்லிவிடுகிறது, அப்புறம் எதற்கு ‘நான்’? ‘மரியா வந்தாள்’ என்பதில் ‘ஆள்’ விகுதி ஒருமுறை, மரியா என்ற பெயர் ஒருமுறை. யாரும் இதை இரண்டு முறை என்று எண்ணுவதில்லை, ஏனென்றால் விகுதி வினையின் உடம்பு, அது இருந்தே ஆக வேண்டும், பெயரைச் சொல்வதும் விடுவதும் நம் இஷ்டம். ஸ்பானிஷில் லே கிட்டத்தட்ட அந்த விகுதி மாதிரி. நம் வினை எழுவாயைத் தன் வாலில் காட்டுகிறது, ஸ்பானிஷ் வினை அதோடு நிற்காமல் ‘யாருக்கு’ என்பதையும் தன் தலையில் காட்டுகிறது. லே என்பதைத் தனிச் சொல்லாகப் பார்க்காதீர்கள், எழுத்தில் இடைவெளி இருந்தாலும் காதில் அது ‘லேதி’ என்று ஒட்டியே விழும், அழுத்தமே இருக்காது. ‘ஆ மரியா’ என்பதுதான் உண்மையான ‘மரியாவுக்கு’, யார் என்று தெரிந்திருந்தால் அதை விட்டுவிடலாம்.

இதை ஏற்றுக்கொண்டதும் இன்னொரு விஷயம் தானாக விளங்கும். ‘எனக்குப் புத்தகம் கொடுத்தான்’ என்பதற்குப் பலர் ‘தியோ எல் லீப்ரோ ஆ மீ’ என்று எழுதுவார்கள். அது ‘நான் வந்த’ என்று விகுதியில்லாமல் பாதியில் நிறுத்துவது போன்றது. ‘மே தியோ எல் லீப்ரோ’ போதும், அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால், வேறு யாருக்கும் இல்லை எனக்குத்தான் என்றால், ‘ஆ மீ மே தியோ எல் லீப்ரோ’. மே இல்லாமல் ஆ மீ தனியாக அங்கே நிற்க முடியாது. பெயர்ச்சொல் வினைக்குப் பின்னால் வரும்போது மட்டும் கொஞ்சம் தளர்வு உண்டு, ‘தி எல் லீப்ரோ ஆ மரியா’ என்று லே இல்லாமலும் எழுதலாம், ஆனால் பேச்சில் லே போடுவதுதான் வழக்கம். பெயரை முன்னால் கொண்டுவந்து ‘ஆ மரியா’ என்று தொடங்கினால் லே கட்டாயம். சந்தேகம் வந்தால் போட்டுவிடுங்கள் என்பது என் அறிவுரை. கூடுதலாகப் போட்டு யாரும் தவறு வாங்கி நான் பார்த்ததில்லை, விட்டுவிட்டு வாங்கியவர்கள் நிறைய.

இப்போது ‘லோ திஹே கே ஸீ’. ‘அவனிடம் சொன்னேன்’ என்று தமிழில் நினைத்திருக்கிறீர்கள், ‘இடம்’ என்பதற்கு எந்தப் பெட்டி என்று தெரியாமல் லோ எடுத்துவிட்டீர்கள். நம் ‘கு’ நல்ல வழிகாட்டி என்றேன், ஆனால் அது கைவிடும் இடங்களும் உண்டு, முதல் இடம் இது. சொல்வது, கேட்பது, விசாரிப்பது எல்லாம் தமிழில் ‘இடம்’ எடுக்கும் (சில சமயம் ‘ஐ’யும் எடுக்கும், ‘அவனைக் கேள்’ என்கிறோம் இல்லையா). ஸ்பானிஷில் அந்த ‘இடம்’ முழுக்க ‘கு’வுக்குள் போய்விடும். லே திஹே, அவனிடம் சொன்னேன். லே ப்ரெகுந்தே, அவனிடம் விசாரித்தேன். லே பெதி, அவனிடம் வேண்டினேன். நீங்கள் எழுதிய ‘லோ திஹே’ தவறான ஸ்பானிஷ் அல்ல, அதற்கு ‘அதைச் சொன்னேன்’ என்று பொருள், அதன் பின்னால் ‘கே ஸீ’ வந்ததும்தான் இடிக்கிறது, சொன்ன சங்கதி இரண்டு முறை வந்து கேட்ட ஆள் காணாமல் போய்விட்டார். சரியானது ‘லே திஹே கே ஸீ’.

இதற்கு நான் வகுப்பில் சொல்லும் ஒரே சோதனை: வாக்கியத்துக்குள் ஏற்கெனவே ஓர் ‘அதை’ உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சொல்வது என்றால் ஏதோ ஒன்றைச் சொல்கிறோம், விசாரித்தால் ஏதோ ஒன்றை விசாரிக்கிறோம், கற்பித்தால் ஏதோ ஒன்றைக் கற்பிக்கிறோம், அந்த ‘ஒன்று’ வெளியே சொல்லப்படாவிட்டாலும் உள்ளே இருக்கிறது. லோ என்ற நாற்காலி அந்த ‘அதை’க்கு ஒதுக்கப்பட்டது, எனவே மனிதர் லே என்ற நாற்காலிக்கு நகர வேண்டும். தேடுவது, அழைப்பது, வாழ்த்துவது, காத்திருப்பது போன்றவற்றில் உள்ளே வேறு ‘அதை’ கிடையாது, மனிதரே லோ நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். இங்கே தமிழ் மறுபக்கமாகக் காலை வாரும். ‘அவருக்காகக் காத்திருக்கிறேன்’ என்கிறோம், ஸ்பானிஷில் ‘லோ எஸ்பேரோ’. ‘அவருக்கு வாழ்த்துச் சொன்னேன்’ என்கிறோம், ஸ்பானிஷில் ‘லோ ஃபெலிஸிதே’. போனில் அழைப்பதும் பெரும்பாலும் லோ, லா தான். உதவுவதைக் குறிக்கும் ஆயுதார் என்ற வினை இரண்டையும் ஏற்கும், அதில் உங்களை யாரும் திருத்த முடியாது. அடிப்பதற்கு உள்ள பெகார் மட்டும் எல்லோரையும் திகைக்க வைக்கும், ‘அவனை அடித்தான்’ என்பது ‘லே பெகோ’. அங்கே ‘ஓர் அடி’ என்ற ‘அதை’ உள்ளே ஒளிந்திருக்கிறது, ‘அவனுக்கு ஓர் அடி கொடுத்தான்’ என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. நம்மிடமும் ‘ஒரு அடி வைத்தான்’ என்று பேச்சு உண்டே.

மரியாவைத் தேடுவது. ‘புஸ்கோ ஆ மரியா’ என்பதில் உள்ள ‘ஆ’ உங்களை ஏமாற்றிவிட்டது, ஏமாறுவது நியாயம்தான், ஏனென்றால் ‘மரியாவுக்கு’ என்பதற்கும் அதே ஆ, ‘மரியாவை’ என்பதற்கும் அதே ஆ. ‘புஸ்கோ எல் லீப்ரோ’, புத்தகத்தைத் தேடுகிறேன், இதில் ஆ இல்லை. மனிதர் வந்ததும் ஆ ஒட்டிக்கொள்கிறது. பாடப்புத்தகங்கள் இதைத் தனி அதிசயமாகக் காட்டும், ஆனால் தமிழிலும் இது நடக்கிறது, யாரும் நமக்குச் சுட்டிக்காட்டியதில்லை, அவ்வளவுதான். ‘புத்தகம் படித்தேன்’ என்று ஐ இல்லாமல் சொல்லலாம். ‘மரியா பார்த்தேன்’ என்று சொல்ல முடியுமா? ‘மரியாவைப் பார்த்தேன்’ என்றே ஆக வேண்டும், இல்லாவிட்டால் யார் யாரைப் பார்த்தார் என்றே தெரியாது. பொருளுக்கு உருபைத் தளர்த்தி, மனிதருக்குக் கட்டாயமாக்கும் இந்தப் பழக்கம் இரண்டு மொழிக்கும் உண்டு, ஸ்பானிஷ் அதற்கு வைத்திருக்கும் உருபு தற்செயலாக ‘கு’வின் உருவத்தில் இருக்கிறது. எனவே ‘ஆ’வைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், தமிழில் சொல்லிப் பாருங்கள். மரியாவை, ஐ, எனவே ‘லா புஸ்கோ’. மரியாவுக்கு, கு, எனவே ‘லே’.

அடுத்து ‘லே லோ தி’. நீங்கள் இதை எழுதியதில் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் தர்க்கப்படி அதுதான் சரியாக இருந்திருக்க வேண்டும்: அவனுக்கு லே, அதை லோ. ஆனால் லே, லேஸ் இரண்டும் லோ, லா, லோஸ், லாஸ் எதற்கு முன்னால் வந்தாலும் ஸே ஆகிவிடும். ‘ஸே லோ தி’. இரண்டு லகரம் அடுத்தடுத்து வந்தால் காதுக்கு நன்றாக இல்லை என்பதால் மாற்றினார்கள் என்று வகுப்புகளில் சொல்வார்கள், நினைவில் வைக்க உதவும், ஆனால் நடந்தது அதுவல்ல. லத்தீனில் ‘அவனுக்கு அதை’ என்று சேர்ந்து வந்த இரண்டு சொற்கள் நாக்கில் உருண்டு நடுக்காலத்தில் ‘ஜே லோ’ ஆயின, பழைய ஸ்பானிஷ் காவியங்களில் அந்த வடிவத்தையே பார்க்கலாம். பிறகு மொழியின் ஜகர, ஸகர ஒலிகள் இடம் மாறிய காலத்தில் அந்த ஜே, ஏற்கெனவே இருந்த ‘தன்னை’ என்று பொருள்படும் ஸேயோடு கலந்துவிட்டது. ஆக, இந்த ஸே வேறொரு குடும்பத்துப் பிள்ளை, பெயர் மட்டும் ஒன்று. அதில் ‘தன்னை’ என்ற பொருளைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ‘ஸே லோ தி’ என்றால் அவனுக்கா, அவளுக்கா, அவர்களுக்கா, உங்களுக்கா என்று தெரியாது, தெரியாமல் போகும் இடத்தில் ‘ஆ எய்யா’ (அவளுக்கு), ‘ஆ உஸ்தேத்’ (உங்களுக்கு) என்று பின்னால் சேர்த்துக்கொள்வார்கள். வரிசை மட்டும் மாறாது, ‘கு’ முன்னால், ‘ஐ’ பின்னால்: மே லோ, தே லோ, நோஸ் லோ, ஸே லோ. தமிழில் ‘எனக்கு அதை’ என்றும் ‘அதை எனக்கு’ என்றும் எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம், அந்தச் சுதந்திரம் அங்கே கிடையாது.

எங்கே வைப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது பழகினால் வந்துவிடும். காலம் காட்டும் வினைக்கு முன்னால் தனியாக, ஏவலுக்குப் பின்னால் ஒட்டி: ‘மே லோ தியோ’, எனக்கு அதைக் கொடுத்தான், ‘தாமேலோ’, அதை எனக்குக் கொடு. இந்த ஒட்டிய வடிவத்தில் அழுத்தம் பழைய இடத்திலேயே, ‘தா’வில், இருக்க வேண்டும், எழுதும்போது அந்த உயிரெழுத்தின் மேல் அழுத்தக் கோடு வரும். எதிர்மறை ஏவலில் மறுபடி முன்னால் போய்விடும், ‘நோ மே லோ தெஸ்’, அதை எனக்குக் கொடுக்காதே. ‘கொடுக்க விரும்புகிறேன்’ போல இரண்டு வினை இருந்தால் ‘கியேரோ தார்தேலோ’, ‘தே லோ கியேரோ தார்’ இரண்டும் ஒன்றுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அடுத்த மாதம் கேட்பீர்கள். லே என்பது ‘அவனுக்கு’ மட்டுமல்ல, ‘அவனிடமிருந்து’ என்பதையும் ‘அவனுடைய’ என்பதையும் அது விழுங்கும். ‘என் பர்ஸைத் திருடிவிட்டார்கள்’ என்று நாம் சொல்வது அங்கே ‘மே ரோபாரோன் லா கார்த்தேரா’, எனக்குத் திருடினார்கள் பர்ஸை. யார் பர்ஸ் என்பதை ‘மே’ சொல்லிவிட்டதால் ‘என்’ தேவையில்லை. அதனால்தான் ‘லே கொம்ப்ரே லா காஸா’ என்ற வாக்கியம் இரண்டாகப் பிரியும்: அவருக்காக வீட்டை வாங்கினேன், அல்லது அவரிடமிருந்து வீட்டை வாங்கினேன். மொழிபெயர்ப்பு வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு வாக்குமூலத்தில் இந்த வாக்கியம் வந்தது, யோசிக்காமல் ‘அவருக்காக’ என்று போட்டேன். விற்றவரைப் பரிசு வாங்கியவராக மாற்றிவிட்டேன் என்பது, நான்கு பக்கம் தள்ளி விற்பனைத் தொகை பற்றி ஒரு வரி வந்தபோதுதான் தெரிந்தது, திரும்பிப் போய்த் திருத்தினேன். அன்றிலிருந்து வாங்குவது, எடுப்பது, பறிப்பது போன்ற வினையோடு லே வந்தால் முழுப் பத்தியையும் படிக்காமல் முடிவு செய்வதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இனி, இந்த வரிசையின் அழகான பகுதி. ‘எனக்குப் பிடிக்கும்’. ஆங்கில வழியில் படிப்பவர்கள் குஸ்தார் என்ற வினையோடு மாதக்கணக்கில் போராடுவார்கள், அவர்களுக்கு ‘நான்’ என்று தொடங்கிப் பழக்கம், அதனால் ‘யோ குஸ்தோ’ என்று வந்துவிடும். தமிழில் ‘நான் பிடிக்கிறேன்’ என்றால் பந்தைப் பிடிப்பது. எனக்குப் பிடிக்கும், மே குஸ்தா. எனக்குத் தலை வலிக்கிறது, மே துவேலே லா கபேஸா. எனக்குத் தோன்றுகிறது, மே பாரேஸே. ஒருவர் ‘மே குஸ்தா’ என்றதும் ‘எனக்கும்’ என்று சொல்ல வேண்டுமானால், ஆங்கிலத்தை நினைத்தவர் ‘யோ தம்பியேன்’ (நானும்) என்று தவறுவார், தமிழை நினைத்தவர் ‘ஆ மீ தம்பியேன்’ என்று சரியாகச் சொல்வார். ஆனால் நம்மவர்கள் தவறும் இடம் வேறு, அதைக் கவனியுங்கள். தமிழில் ‘பிடிக்கும்’ மாறவே மாறாது. எனக்குப் புத்தகம் பிடிக்கும், புத்தகங்கள் பிடிக்கும், உன்னைப் பிடிக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம், அதிலும் ‘உன்னை’ என்று ஐ வேறு சேர்த்துவிடுகிறோம். ஸ்பானிஷில் பிடிக்கிற பொருள்தான் எழுவாய், வினை அதற்கேற்ப மாறும். ‘மே குஸ்தா எல் லீப்ரோ’, ஆனால் ‘மே குஸ்தான் லோஸ் லீப்ரோஸ்’. ‘எனக்கு உன்னைப் பிடிக்கும்’ என்பது ‘மே குஸ்தாஸ்’, நீ எழுவாய். இந்தக் கடைசி வாக்கியத்தை நண்பரிடமோ சக ஊழியரிடமோ சொல்லிவிடாதீர்கள், அதில் காதல் வாடை அடிக்கும். ஒருவருடைய குணம் பிடித்திருக்கிறது என்றால் ‘மே காயெஸ் பியென்’.

இந்த ‘எனக்கு’வை நம்பி எல்லா இடத்துக்கும் போகவும் கூடாது. எனக்குப் பசிக்கிறது, எனக்கு 20 வயது, எனக்கு இரண்டு சகோதரர்கள், எனக்குக் காய்ச்சல், இந்த நான்கிலும் ஸ்பானிஷ் ‘நான் வைத்திருக்கிறேன்’ என்று தெங்கோ போடும். எனக்குத் தெரியும், எனக்குப் புரிகிறது, எனக்கு வேண்டும், மூன்றிலும் ‘நான்’ எழுவாயாகிவிடும், மே வராது. இது ஒரு சின்னக் கூட்டம், ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்தால் ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும்.

ஈடாக, மறப்பது முழுக்க நம் பக்கம். ‘எனக்கு மறந்துபோச்சு’ என்கிறோமே, நான் வேண்டுமென்று மறக்கவில்லை, அது தானாகப் போய்விட்டது என்ற தொனியோடு, அதை அப்படியே ‘ஸே மே ஓல்பிதோ’ என்பார்கள். கைதவறி ஒன்று விழுந்தால் ‘ஸே மே காயோ’, உடைந்தால் ‘ஸே மே ரொம்பியோ’. ‘உடைத்தேன்’ என்று சொல்வதற்கும் ‘உடைஞ்சுபோச்சு’ என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கப் பாடப்புத்தகங்கள் படாத பாடு படும். நீங்கள் சிறு வயதில் ஏதோ ஒன்றைப் போட்டு உடைத்துவிட்டு வீட்டில் எந்த வடிவத்தைச் சொன்னீர்கள் என்று நினைத்துப் பாருங்கள், ‘ஸே மே’ புரிந்துவிடும்.

ஒன்றைச் சொல்லி எச்சரிக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் பார்த்துக் குழம்பிப் போவீர்கள். மத்ரித் பக்கமும் ஸ்பெயினின் நடுப்பகுதியிலும் வடக்கிலும் ஓர் ஆணைக் குறித்து ‘அவனை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் லோ விட்டு லே போடுவார்கள், ‘ஆ ஹுவான் லே புஸ்கோ’ என்று. ஓர் ஆணுக்கு மட்டும் இதை, ஸ்பானிஷுக்கு விதி வகுக்கும் அமைப்பான ரியல் அகாதெமியா எஸ்பஞோலாவும் ஏற்றுக்கொள்கிறது, பொருளுக்கு ஏற்காது, பெண்ணுக்குப் பொதுவாக ஏற்காது. ‘உஸ்தேத்’ என்று மரியாதையாகப் பேசும்போது வரும் லேயைக் கொஞ்சம் தாராளமாகப் பார்ப்பார்கள். எதிர்ப்பக்கமாக, ஸ்பெயினின் நடுப்பகுதியில் உள்ள காஸ்தில்யாவில் சிலர் பெண் என்பதால் ‘லா திஹே’ என்று சொல்வதும் உண்டு, அதைப் பிழை என்றே எழுதுவார்கள். லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் நான் மேலே சொன்ன ஐ, கு பிரிவுதான் நடப்பில் இருக்கிறது, அதனால் அதையே பழகுங்கள், மற்றதைக் கேட்டால் புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும். ஓஸ் ஸ்பெயினுக்கு மட்டும் உரியது. அட்லாண்டிக் கடலைத் தாண்டினால் பலரைப் பார்த்துச் சொல்லும் ‘உங்களுக்கு’ எப்போதும் லேஸ்தான்.

பயிற்சிக்கு விதிகளை மறுபடி படிக்க வேண்டாம். ஒரே வாக்கியத்தை எடுங்கள், ‘ஹுவான் மே தா லா யாபே’, ஹுவான் எனக்குச் சாவியைக் கொடுக்கிறான். இதைச் சத்தமாக, நிறுத்தாமல், மே லா தா, தே லா தா, ஸே லா தா, நோஸ் லா தா என்று ஆள் மாற்றிச் சொல்லுங்கள். அடுத்த நாள் சாவிகள் என்று பன்மையாக்கி லாஸ் போடுங்கள், அதற்கடுத்த நாள் கொடுத்தான் என்று தியோ போடுங்கள், பிறகு ஏவலுக்கு மாற்றுங்கள். பத்து நிமிடம் போதும். எழுதிப் பார்ப்பதைவிட வாயால் சொல்வதே முக்கியம், ஏனென்றால் இவை அழுத்தமில்லாத ஒலிகள், யோசித்துப் போடுவதற்குள் வினை வந்து நின்றுவிடும். கூடவே, நாளுக்கு ஒரு தமிழ் வாக்கியம், நீங்கள் அன்று உண்மையில் பேசியதில் ‘எனக்கு’, ‘அவனிடம்’, ‘அவளை’ ஏதாவது ஒன்று வந்தது, அதை ஸ்பானிஷாக்குங்கள்.

உங்கள் நான்கு வாக்கியங்களையும் இப்போது நீங்களே திருத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்: லே திஹே கே ஸீ, லா புஸ்கோ, ஸே லோ தி, நான்காவது ஏற்கெனவே சரி. மூன்று வாரம் இந்தச் சாவி வாக்கியத்தோடு இருந்துவிட்டு, நீங்களாக எழுதிய இருபது வாக்கியங்களை எனக்கு அனுப்புங்கள், லே, லோ இரண்டும் கலந்து. பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.